கணினியை முழுசாய் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். வாரநாளில் அலுவலக வேலை, சனி ஞாயிறில் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று கமராவோடு போகிறவர். ஒரு கல்யாணத்துக்கு 1500 படத்துக்குக் குறையாதாம், எல்லாம் 24 மெகாபிக்சல் ரோ கோப்புகள், அதாவது கமரா பதப்படுத்தாமல் தருகிற பெரிய மூலக் கோப்புகள். கணினி 2018இல் வாங்கியது: இன்டெல் ஐ5-8400, எச்310 மதர்போர்ட், ஒற்றை 8 ஜிபி ராம், ஜி.டி.எக்ஸ். 1050 டிஐ கிராபிக்ஸ் கார்ட், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், கேசிங்கோடு சும்மா வந்த 500 வாட்ஸ் பவர் சப்ளை, விநாடிக்கு 60 தரம் படம் மாறுகிற பழைய 60 ஹேர்ட்ஸ் மொனிட்டர்.

படம் திருத்துகிற லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போக ஐந்தாறு விநாடி நிற்கிறது. இரவில் அதே கணினியில் இவருடைய தம்பியார் கேம் விளையாடுகிறார், அவருக்கு முதலில் கிராபிக்ஸ் கார்ட் வேண்டும், இவருக்கு முதலில் ப்ராசசர் வேண்டும், வீட்டில் தினமும் இதே கதைதான். காலி வீதியில் ஒரு கடையில் கேட்டால் "இது செத்த மெஷின், விண்டோஸ் 11 கூடப் போடேலாது" என்று சொல்லி 4 இலட்சத்து 80 ஆயிரத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கையில் இருப்பது இரண்டரை இலட்சம். மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: போன மாதம் அடித்துக் கொடுத்த அல்பம், திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்து பெண்வீட்டார் முகம் சுளித்தார்களாம்.

தம்பி, சங்கிலி அலுமாரியிலேயே இருக்கட்டும். கையில் இருக்கிற காசே போதும், அதையும் ஒரே நாளில் செலவழிக்கத் தேவையில்லை. இருபது வருடமாக இந்த மெஷின்களைத் திறந்து மூடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் என்னைப் பயப்படுத்தியது ப்ராசசர் இல்லை. நாலு வருடக் கல்யாணப் படங்கள் எல்லாம் அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான். 2018இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிற டிஸ்க் அது. நாளைக்கே நிற்கலாம், இன்னும் மூன்று வருடம் ஓடலாம், யாராலும் சொல்ல முடியாது. கல்யாணத்தை இரண்டாம் தரம் நடத்துங்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்கவும் முடியாது. ஆகவே இரண்டரை இலட்சத்தில் முதல் செலவு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்து, முடிந்தால் அதை வேறு வீட்டில், அக்கா வீடோ மாமி வீடோ, வைத்துவிடுங்கள். இதைச் செய்து முடிக்கும்வரை கீழே எழுதியிருப்பதை வாசிக்கக்கூட வேண்டாம்.

விண்டோஸ் 11 போடலாம்

கடையில் சொன்னது பிழை. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது உண்மை. ஆனால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்து விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும், உங்கள் 8400 எட்டாம் தலைமுறை, நூலிழையில் உள்ளே வந்துவிடுகிறது. "போடேலாது" என்று திரையில் வருவதற்குக் காரணம், அந்தக் காலத்து போர்டுகளில் டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி அணைத்தபடியே வந்ததுதான். கணினி எழும்பும்போது திறக்கிற பயோஸ் அமைப்புக்குள் போய் பி.டி.டி. (இன்டெல்லின் டி.பி.எம்.) என்று இருப்பதை இயக்கி, நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடுகிற செக்யூர் பூட்டையும் போட்டுவிட்டால் சரி. ஒரு எச்சரிக்கை: பழைய விண்டோஸ், டிஸ்க்கைப் பழைய எம்.பி.ஆர். முறையில் பிரித்து வைத்திருந்தால், செக்யூர் பூட்டுக்காக பயோஸை மாற்றிய பிறகு அது எழும்பாது. எப்படியும் புது எஸ்.எஸ்.டி. (சுற்றுகிற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடப் போகிறீர்கள், அதில் புதிதாக நிறுவும்போது இந்த வேலையையும் சேர்த்துச் செய்யுங்கள். தம்பியார் விளையாடுகிற வலோரன்ட்டும் விண்டோஸ் 11இல் டி.பி.எம்., செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும், ஆகவே அவரும் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்வார்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரு சின்னப் பரிசோதனை. லைட்ரூமைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதை ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். அந்த ஐந்தாறு விநாடி நிற்கிறபோது எது 100க்குப் போய் ஒட்டிக்கொள்கிறது? பந்தயமே கட்டுவேன், டிஸ்க். ப்ராசசர் முப்பது நாற்பதில் சும்மா இருக்கும்.

நடப்பது இதுதான். 8 ஜிபி ராமில் விண்டோஸும் பிரவுசரும் பாதியைப் பிடித்துவிடும், மிச்சம் லைட்ரூமுக்குப் போதாது, போதாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதித் திரும்ப எடுக்கும். அந்த ஹார்ட் டிஸ்க்கோ ஏற்கெனவே ரோ கோப்பை வாசித்துக்கொண்டிருக்கிறது, திரையில் காட்டுவதற்கான பிரிவியூப் பிரதியையும் எழுதிக்கொண்டிருக்கிறது. ஒரே ஊசி மூன்று இடத்துக்கு ஓட வேண்டும். ராம் குறை டிஸ்க்கின் தலையில் விழுகிறது, டிஸ்க்கின் குறை ப்ராசசரின் பெயரில் எழுதப்படுகிறது, நீங்கள் போய் ப்ராசசர் விலை விசாரிக்கிறீர்கள்.

ஆக முதல் கட்டம் ஒரு 1 டெராபைட் எஸ்.எஸ்.டி., கூட இன்னுமொரு 8 ஜிபி ராம். கடைக்காரர் எழுதிய, விநாடிக்கு 7000 மெகாபைட் வேக எஸ்.எஸ்.டி. உங்களுக்கு வீண். எச்310 போர்டில், எஸ்.எஸ்.டி.யை நேரே செருகுகிற எம்.2 துளை இருந்தால்கூட அது பழைய பி.சி.ஐ. 2.0 வேகத்தில்தான் ஓடும், பல போர்டுகளில் விநாடிக்கு 1000 மெகாபைட்டைத் தாண்டாது. அதற்காகக் கவலையும் வேண்டாம், ஹார்ட் டிஸ்க் தருவது நூறு, நூற்றைம்பதுதான். அந்தத் துளையில் செருகுகிற சாதாரண என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் போடுங்கள், சில எச்310 போர்டுகளில் எம்.2 துளையே கிடையாது, அப்படியானால் ஹார்ட் டிஸ்க் மாதிரி வயரில் பூட்டுகிற 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. விண்டோஸ், லைட்ரூம் கட்டலொக் (படப் பட்டியலும் உங்கள் திருத்தங்களும் இருக்கிற கோப்பு), நடப்பில் இருக்கிற கல்யாணம், இவை மூன்றும் எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை ஹார்ட் டிஸ்க்கில்.

ராம் விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது, ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவதால், உங்கள் கணினியில் இருக்கிற பழைய டி.டி.ஆர்.4 வகைகூடத் தப்பவில்லை. உங்கள் போர்டில் இரண்டே துளை, ப்ராசசர் 2666 வேகத்துக்கு மேல் ஓடவும் விடாது. ஆகவே 3200 என்று அதிக காசு கொடுக்காமல், இருப்பதைப் போன்ற 8 ஜிபி ஒன்றைத் தேடுங்கள், பாவித்தது என்றாலும் பரவாயில்லை. பாவித்த பொருட்களில் நான் குறைவாகப் பயப்படுவது ராமுக்குத்தான். வாங்கி ஒரு இரவு முழுக்க, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டு, காலையில் பிழை இல்லையென்றால் சரி. 24 மெகாபிக்சலுக்கு 16 ஜிபி தாராளம். போட்டோஷொப்பில் முப்பது லேயர் போடுகிற ஆள் என்றால் 32 பற்றிப் பேசலாம், நீங்கள் அப்படி எழுதவில்லை.

காசு செலவில்லாத ஒரு வழியும் உண்டு, இன்றைக்கே செய்யலாம். படங்களை உள்ளே எடுக்கும்போது ஸ்மார்ட் பிரிவியூவும் உருவாக்கச் சொல்லுங்கள், பிறகு பிரிபரன்ஸில் போய், திருத்தும்போது மூலக் கோப்புக்குப் பதில் அதைப் பாவிக்கச் சொல்லி ஒரு டிக் போடுங்கள். நீண்ட பக்கம் 2540 பிக்சல் மட்டும் கொண்ட சின்னப் பிரதி, பழைய கணினியும் அதை இலேசாகத் தள்ளும். ஏற்றுமதி செய்யும்போது மூலக் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

அந்த 500 வாட்ஸ்

கடிதத்தில் நீங்கள் தைரியமாக எழுதியிருந்த ஒரே வரி "பவர் சப்ளை 500 வாட்ஸ், அது பிரச்சினையில்லை". கேசிங்கின் பக்கத்தட்டைக் கழற்றி, டோர்ச் அடித்து, பவர் சப்ளையின் லேபிளைப் பாருங்கள். +12வி என்று ஒரு கட்டம், அதன் கீழ் எத்தனை அம்பியர் என்று ஒரு எண். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 என்று இருந்தால் 216 வாட்ஸ், அவ்வளவுதான். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது இந்த 12 வோல்ட்டைத்தான், பெரிய எழுத்தில் அச்சடித்த 500ஐ இல்லை. இன்னொரு சோதனை, கையில் தூக்கிப் பாருங்கள். நல்லது என்றால் கனக்கும், இது பிஸ்கட் டின் மாதிரி இருக்கும்.

இப்போதுள்ள 1050 டிஐ 75 வாட்ஸுக்குள் அடங்கிவிடும், மதர்போர்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும், அதனால் இத்தனை வருடம் தப்பியது. புதுக் கார்ட் தனி வயர் கேட்கும். உங்கள் சப்ளையில் அந்த 8 பின் வயர் இருக்காது, கடையில் பழைய நாலு பின் மோலக்ஸிலிருந்து மாற்றுகிற ஒரு சின்ன வயரைச் சிரித்துக்கொண்டே இலவசமாகத் தருவார்கள். போன மாதம் என் மேசைக்கு வந்த ஒன்றில் அந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகி, மஞ்சள் வயர் உருகி உள்ளே ஒட்டியிருந்தது, அறை முழுக்கக் கருகிய மணம் என்று கொண்டுவந்தவர் சொன்னார். தயவுசெய்து அந்த வயரை வாங்க வேண்டாம். 550 அல்லது 650 வாட்ஸ், 80 பிளஸ் ப்ரொன்ஸ் (வெண்கலம்), ஐந்து வருட வாரண்டி தருகிற ஒன்று. 80 பிளஸ் என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரைதான், அதை மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள், வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள்.

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் கணினியை ஓடவைக்கிற யூ.பி.எஸ். இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஒன்று வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடு முழுக்கக் கரண்ட் போனதாக அமைச்சரே சொன்னார், அப்படியான நாட்டில்தான் நாங்கள் கட்டலொக் கோப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போது போனால் கட்டலொக் பழுதாகலாம். 650 வி.ஏ. என்று விற்பது ஏறக்குறைய 360 வாட்ஸ்தான், சேமித்து மூடுவதற்குப் போதும், கேமை முடித்துவிட்டு எழும்புகிறேன் என்பதற்குப் போதாது.

கிராபிக்ஸ் கார்ட், தம்பியாருக்கும் உங்களுக்கும்

இதில் தம்பியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1050 டிஐ 2016இல் வந்தது. அந்தத் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் மாதிரியான கேம்கள் ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிடுகிற வசதி) இல்லாத கார்டில் திறக்கவே மாட்டா. ஆனால் இப்போது விளையாடுகிற வலோரன்ட்டுக்கு இந்தக் கார்டே போதும், 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் அதற்கு மேல் வருவது கண்ணுக்குத் தெரியப்போவதுமில்லை.

உங்களுக்கு என்ன இலாபம் என்றால், படத்துக்குப் படம் தாவுகிற வேகத்தில் புதுக் கார்ட் பெரிதாக ஒன்றும் செய்யாது. இருட்டு மண்டபத்தில் எடுத்த படத்தின் புள்ளிகளைக் குறைக்க டீனாய்ஸ் போடுகிறீர்களே, அங்கேதான் வித்தியாசம். உங்கள் கார்டில் படத்துக்கு நிமிடக் கணக்கு, ஆர்.டி.எக்ஸ். கார்ட் ஒன்றில் விநாடிக் கணக்கு. ஒரு கல்யாணத்துக்கு இருநூறு படத்துக்கு அதைப் போட்டால் ஒரு இரவு மிச்சம்.

எந்தக் கார்ட்? புதிதாக என்றால் ஆர்.டி.எக்ஸ். 5060, 8 ஜிபி, 145 வாட்ஸ். நல்ல கார்ட், ஆனால் அது மதர்போர்டோடு எட்டு லேனில் (தரவுப் பாதையில்) மட்டும் பேசும், உங்கள் பழைய போர்டில் அந்த எட்டும் பாதி வேகத்துக்கும் கீழே ஓடும். பெரிய நட்டமில்லை, 8 ஜிபி நிரம்பி வழிகிற கேம்களில் மட்டும் இடறும். என் மனம் சாய்வது பாவித்த ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜிபி பக்கம். பதினாறு லேனும் பாவிக்கும், ஞாபகசக்தி கூட, பழைய போர்டுக்குப் பொருத்தமான ஜோடி. 170 வாட்ஸ் கேட்கும், அதனால்தான் பவர் சப்ளை முதலில். 3060இல் 8 ஜிபி என்றும் ஒன்று உண்டு, அது வேறு சரக்கு, பெட்டியை வடிவாகப் பாருங்கள். மலிவு என்று ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. பக்கம் போகவே வேண்டாம், அது நாலே லேன், உங்கள் போர்டில் மூச்சுத் திணறும்.

பாவித்தது என்றதும் மைனிங் பயம் வரும், அதாவது கிரிப்டோ நாணயம் உண்டாக்க இரவுபகலாக ஓடிய கார்டோ என்ற பயம். 2022 செப்டெம்பரில் எதீரியம் மைனிங் நின்ற பிறகு அந்தக் கார்டுகள் சந்தைக்குக் கொட்டின, அதில் நல்லதும் உண்டு, வறுத்ததும் உண்டு. விற்கிறவர் வீட்டில் அவருடைய கணினியில் அரை மணித்தியாலம் கனமான கேம் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். விசிறி கரகரத்தால், திரையில் புள்ளி மின்னினால், எழும்பி வந்துவிடுங்கள். ஓடவிட மாட்டேன், கார் பார்க்கில் சந்திப்போம் என்றால் போகவே வேண்டாம்.

அப்ப ஐ5-8400 போதுமா என்றால், லைட்ரூமுக்கு இன்னும் இரண்டு வருடம் தாராளம். புதுக் கனமான கேம்களில் அது மூச்சு வாங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ராம் விலை இப்படி நிற்கிற நேரத்தில் டி.டி.ஆர்.5 கேட்கிற புதுப் போர்டுக்குப் போவது என் கணக்கில் பிழையான வருடம். எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கார்ட், மொனிட்டர் நாலும் நாளைக்குப் புதுக் கணினிக்கும் உங்களோடு வரும். பழையதோடு தங்கப்போவது அந்த 8 ஜிபி ராம் மட்டும்தான், அதனால்தான் அதைப் பாவித்ததாக வாங்கச் சொன்னேன்.

இருட்டான அல்பம்

இதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், தொழிலுக்கு இதுதான் பெரிய பிரச்சினை. மொனிட்டரின் வெளிச்சம் 100இல் இருக்கிறது, சரியா? அந்த வெளிச்சத்தில் படம் தேவைக்கு மேல் பிரகாசமாகத் தெரியும், நீங்கள் குறைப்பீர்கள், தாளில் இருட்டாக வரும். ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளளவுக்கு வரும்வரை இறக்குங்கள். அரைகுறை வழிதான், ஆனாலும் அடுத்த அல்பம் தப்பும்.

நிறம் வேறு கதை. உங்களுடையது, பார்க்கிற கோணத்தோடு நிறம் மாறுகிற டி.என். வகைத் திரை என்று நினைக்கிறேன், தலையை மேலே கீழே அசைத்தால் கூறைச்சேலையின் சிவப்பு மாறுகிறதா பாருங்கள். மாறினால் எந்தச் சிவப்பை நம்பி அச்சுக்கு அனுப்புவீர்கள்? வாங்குவதென்றால் கோணம் மாறினாலும் நிறம் பெரிதாக மாறாத ஐ.பி.எஸ். திரை, எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அளவில் நூறு வீதம் அல்லது அதற்குக் கிட்ட, 24 அங்குலம் போதும். இப்போது அப்படியானவையே 100 ஹேர்ட்ஸுக்கு மேல் வருகின்றன, தம்பியாரும் வாயை மூடிக்கொள்வார். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கார்டுக்கு முன் மொனிட்டரைத்தான் வாங்குவேன், கார்டுக்கான காசு மிஞ்சினால் உடனே, இல்லாவிட்டால் இரண்டு கல்யாணம் கழித்து.

பில், வாரண்டி, கடல்காற்று

கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சனிக்கிழமை ஏறி இறங்கி விலை கேளுங்கள், டொலரோடு விலை ஆடுவதால் நான் இங்கே ரூபாய் எழுதவில்லை. பில்லில் ஒவ்வொரு பொருளின் சீரியல் இலக்கமும் இருக்க வேண்டும். பின்பக்கத்துச் சின்ன எழுத்தையும் வாசியுங்கள், ஒரு வருடம் என்று சொல்லி 14 நாள் குறைத்து எழுதுவது இங்கே வழக்கம், எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் வாரண்டி இல்லை என்றும் இருக்கும். வாரண்டியை மதிக்க மாட்டோம் என்று கடை மறுத்தால், பில்லோடு தாமதிக்காமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம், 1977க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். பில் இல்லாமல் இரண்டாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால், அந்த இரண்டாயிரத்தைக் கொடுத்துவிட்டே பில்லை வாங்குங்கள்.

துரு என்றது சும்மா இல்லை. கடலோர மரைன் டிரைவுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி வீடு, ஜன்னலுக்குக் கீழே கணினி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கேசிங்குகளில் ஸ்க்ரூ கழற்றினால் மண்ணிறப் பொடி கொட்டும். கடற்கரைப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி, தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி வையுங்கள். பழைய ராமைக் கழற்றும்போது அதன் தங்கநிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

இதையெல்லாம் கல்யாணம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள், அல்பம் கொடுக்க வேண்டிய கிழமையில் விண்டோஸ் நிறுவப் போகாதீர்கள். வெளி டிஸ்க் மட்டும் இந்தச் சனிக்கிழமையே. பவர் சப்ளை லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அந்த 12 வோல்ட் எண்ணைப் பார்த்துவிட்டு எந்தக் கார்ட் என்று உறுதியாகச் சொல்கிறேன்.